பதினாறாயிரம் ஊர்கள், ஒரே படிவம்: பெரிய டிராப்டவுன்களைக் கையாளும் வழி

தமிழ்நாடு முழுவதற்குமான ஒரு விண்ணப்பப் படிவத்தை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநிலம், மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் நான்கும் அதில் வேண்டும். மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்ந்து 36. மாவட்டங்கள் 38. வட்டங்கள் முந்நூற்றுக்கு மேல். வருவாய்க் கிராமங்கள் பதினாறாயிரத்துக்கு மேல். டேட்டாபேஸில் அட்டவணை தயாராக இருக்கிறது. ஒரு லூப் போட்டால் எல்லாப் பெயர்களும் டிராப்டவுனில் (தொட்டால் கீழே விரியும் பட்டியலில்) ஆப்ஷன்களாக வந்து விழுந்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். சோதனைக்கு நூறு கிராமங்களை வைத்து ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. முழுப் பட்டியலும் ஏறிய அன்றுதான் பக்கம் திணறத் தொடங்கும்.

இந்தப் படிவத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். நாடுகளின் பட்டியல், மருந்துப் பெயர்கள், கடைச் சரக்கு, கல்லூரிப் பெயர்கள் என்று உங்கள் பட்டியல் எதுவானாலும் வேலை இதேதான்.

முதலில், எது உடைகிறது என்று பாருங்கள்

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய் ஒரு குறியீடு, அதன்மேல் ஏறும் உயிர்க்குறி இன்னொன்று. புள்ளியும் தனிக் குறியீடு. "திருவண்ணாமலை" என்ற பெயரில் 12 குறியீடுகள், ஆக 36 பைட். ஆறு இலக்க எண்ணோடு ஓர் ஆப்ஷன் டேக்கை எழுதினால் அதற்கே இன்னும் 32 பைட். ஒரு வரிக்கு 68 பைட் என்று கணக்கிட்டால் 16,000 வரிக்கு ஏறத்தாழ 11 லட்சம் பைட், அதாவது ஒரு எம்பிக்குச் சற்று மேல். சர்வர் சுருக்கி அனுப்பினால் வழியில் வரும் அளவு வெகுவாகக் குறையும். ஆனால் வந்து சேர்ந்தபின் பிரவுசர் அதை விரித்து, 16,000 ஆப்ஷன்களையும் தனித்தனியே நினைவகத்தில் கட்டித்தான் ஆகவேண்டும். விலை குறைந்த கைபேசியில் திணறல் தெரிவது இந்த இடத்தில்தான். அதே டிராப்டவுன் ஒரு பட்டியல்-படிவத்தில் பத்து வரிசையிலும் வந்தால் கணக்கைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல், நிரப்புகிறவரின் கை. கணினியில் சாதாரண செலக்ட் பெட்டியை (டிராப்டவுனுக்கான ஹெச்டிஎம்எல் டேக்) திறந்து ஆங்கில எழுத்துகளை வேகமாகத் தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவும். பட்டியல் தமிழில் இருந்து, அவர் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் (ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்கித் தருவது) தட்டினால் அது வேலை செய்யாது. செலக்ட் எழுத்து ஏற்கும் பெட்டி அல்ல என்பதால் விசைப்பலகைக் கருவி எழுத்தைச் சேர்த்துக் கொடுக்க அங்கே இடமில்லை. கைபேசியில் தேடவே வழி கிடையாது, விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டியதுதான். ஊர்ப் பெயர் அவர் நாக்கு நுனியில் இருக்கிறது. அது பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை அவர் ஏன் தேட வேண்டும்?

பட்டியல் தேவையா என்று கேளுங்கள்

பெரிய டிராப்டவுனை வேகப்படுத்தும் வழிகளைப் படிப்பதற்கு முன், அதை நீக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. பாதி இடங்களில் முடியும்.

வங்கிக் கிளை இதற்கு நல்ல உதாரணம். வங்கி, மாநிலம், மாவட்டம், கிளை என்று நான்கு டிராப்டவுன் வைக்கும் படிவங்கள் ஏராளம். ஐஎஃப்எஸ்சி குறியீடு காசோலையிலும் பாஸ்புக்கிலும் அச்சிட்டே இருக்கிறது. மொத்தம் 11 இடம்: முதல் நான்கு வங்கிக்கான எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளைக்கு உரியவை. ஒரே பெட்டியில் அதை வாங்கி, வங்கிப் பெயரையும் கிளையையும் கீழே காட்டி, "இதுதானா?" என்று கேட்டால் போதும். ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் "ஓ" என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த இடத்தில் வேறெதுவும் வர முடியாது என்பதால் நிரலே அதைத் திருத்திவிடலாம். பிழைச் செய்தி காட்டி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பிறந்த தேதிக்கு நூறு வருடங்களை ஒரு டிராப்டவுனில் அடுக்குவதும் அப்படித்தான். நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் மூன்று சிறு எழுத்துப் பெட்டிகள் வைத்து எண்ணாகவே வாங்குங்கள். பிரிட்டன் அரசின் வடிவமைப்பு விதித்தொகுப்பு சொல்வதும் இதைத்தான். பொதுமக்களுக்கான சேவைகளில் செலக்ட் பெட்டியை வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்பது அதன் அறிவுரை.

முகவரிக்குப் பின்கோடு உதவும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள ஆறு இலக்க எண் அது. மாவட்டம் தெரியாதவர்கூடத் தன் பின்கோடு சொல்வார். ஆனால் அதை வைத்து எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். ஒரே பின்கோடின்கீழ் பல தபால் நிலையங்களும் பல ஊர்களும் வரும். முதல் மூன்று இலக்கத்தைக் கொண்டு மாநிலத்தை நிச்சயிக்க முடியாது: 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. ஆகவே பின்கோடைக் கொண்டு மாவட்டத்தை நிரப்பிக் காட்டுங்கள், ஆனால் மாற்ற முடியாதபடி பூட்டிவிடாதீர்கள்.

எண்ணிக்கையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஆறேழு தேர்வு வரை ரேடியோ பொத்தான்களே சிறந்தவை. எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், ஒரே தட்டில் முடியும். அதற்கு மேல் நாற்பது வரை சாதாரண செலக்ட் போதும். 38 மாவட்டங்கள் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. இதற்குப் போய் நூலகங்களை ஏற்றுவது வீண். சில நூறு என்றால் தட்டத் தட்டச் சுருங்கும் தேடல் பெட்டி வேண்டும், பட்டியல் பிரவுசரிலேயே இருக்கலாம். உலக நாடுகளின் குறியீட்டுப் பட்டியலான ஐஎஸ்ஓ 3166-1-இல் 249 பெயர்கள். அது இந்த வகை. ஆயிரங்களைத் தாண்டினால் பட்டியலைத் துண்டு போட வேண்டும், அல்லது சர்வரிடம் கேட்டுப் பெற வேண்டும். இந்த எல்லைகள் இரும்புச் சட்டமல்ல. தேர்வுகள் எல்லோருக்கும் பழக்கமானவையா, கைபேசியில் நிரப்புவோர் எத்தனை பேர் என்பதைப் பார்த்து முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

டேட்டாலிஸ்ட் என்ற டேக் ஒன்று ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு வரியில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் பட்டியலில் இல்லாததையும் அது ஏற்கும். எந்தப் பகுதியைப் பொருத்திப் பார்க்கிறது என்பது பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். எழுத்தளவைக்கூட நீங்கள் மாற்ற முடியாது. அலுவலகத்துக்குள் பயன்படும் சிறு கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் படிவத்துக்கு வேண்டாம்.

முதல் தேர்வைத் தானாக நிரப்பாதீர்கள்

சிறிய செலக்டாக இருந்தாலும் இந்தப் பிழை மொத்தத் தரவையும் கெடுக்கும். முதல் ஆப்ஷன் காலியாக இல்லாவிட்டால் பிரவுசர் பட்டியலின் முதல் பெயரையே தேர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அகர வரிசையில் முதல் மாவட்டம் அரியலூர். கவனிக்காமல் தாண்டிப் போன ஒவ்வொருவரும் அரியலூர்க்காரராகப் பதிவாகிவிடுவார். நாடுகளின் பட்டியலில் இதே கதி ஆப்கானிஸ்தானுக்கு. முதல் ஆப்ஷனின் மதிப்பைக் காலியாக விட்டு, "மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதி, செலக்டுக்கு ரிக்வயர்ட் பண்பைக் கொடுங்கள். அப்போதுதான் தேர்ந்தெடுக்காமல் அனுப்ப முடியாது.

அடுக்கடுக்காகப் பிரிப்பது

மாவட்டத்தைத் தேர்ந்தால் அதன் வட்டங்கள், வட்டத்தைத் தேர்ந்தால் அதன் கிராமங்கள். கணக்குப் போட்டால் அழகாக இருக்கிறது: 38, அடுத்து சராசரியாக எட்டு அல்லது ஒன்பது, அடுத்து சுமார் ஐம்பது. எந்தக் கட்டத்திலும் பட்டியல் பெரிதாகாது. ஆனால் இதில் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. நடுவில் உள்ள அடுக்கு நிரப்புகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது பட்டா மாற்றவோ சான்றிதழ் வாங்கவோ தாலுகா அலுவலகம் போய் வந்தவருக்குத் தெரியும். நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் விழிப்பார். வட்டம் தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வைப்பதைவிட, மாவட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊரை நேரே தட்டச் சொல்வது மேல். வட்டத்தை நிரலே நிரப்பிக்கொள்ளும்.

அடுக்கு முறையைக் கட்டும்போது இந்த இடங்களில் தவறு நடக்கும்:

மேல் அடுக்கு மாறினால் கீழ் அடுக்கின் பழைய தேர்வை உடனே அழிக்க வேண்டும். மதுரையைத் தேர்ந்து மேலூரையும் தேர்ந்தவர், மாவட்டத்தைத் தேனிக்கு மாற்றினால் மேலூர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒருவர் வேகமாக இரண்டு மாவட்டங்களை மாற்றி மாற்றித் தேர்ந்தால் இரண்டு கோரிக்கைகள் சர்வருக்குப் போகும். முதலாவதன் பதில் தாமதமாக, இரண்டாவதற்குப் பிறகு வந்து சேரலாம். அப்போது திரையில் தேனி என்றிருக்கும், பட்டியலில் மதுரையின் வட்டங்கள் இருக்கும். புதிய கோரிக்கை கிளம்பும்போதே பழையதை ஜாவாஸ்கிரிப்டின் அபார்ட் கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்யுங்கள். குறைந்தபட்சம், பதில் வந்ததும் அது இப்போது தேர்வில் உள்ள மாவட்டத்துக்கானதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே சேமித்த விண்ணப்பத்தைத் திருத்தத் திறக்கும்போது மூன்று அடுக்கும் சரியான மதிப்போடு வர வேண்டும். புதிய விண்ணப்பத்தை மட்டும் சோதித்துவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம். பிழைச் செய்தியோடு படிவம் திரும்பி வரும்போதும் இதே கதைதான்: ஒரு கைபேசி எண் தவறு என்பதற்காக அவர் மீண்டும் மாவட்டத்திலிருந்து தொடங்க நேர்ந்தால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பூட்டிக் கிடக்கும் கீழ்ப் பெட்டிக்குள் "முதலில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதி வையுங்கள். சாம்பல் நிறம் மட்டும் காரணம் சொல்லாது.

பட்டியலை எங்கே வைப்பது

ஒவ்வோர் எழுத்துக்கும் சர்வரைக் கேட்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஊர்ப் பெயர் போல அரிதாக மாறும் தரவுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. 16,000 கிராமங்களை மாவட்டவாரியாக 38 ஜேசன் கோப்புகளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு கோப்பில் சராசரியாக 420 பெயர்கள், சுருக்குவதற்கு முன்பே முப்பது கேபி அளவில் அடங்கும். மாவட்டத்தைத் தேர்ந்ததும் அந்த ஒரு கோப்பு மட்டும் வரும். பிறகு தேடல் முழுவதும் பிரவுசருக்குள் நடக்கும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரிலும் தட்டத் தட்டப் பதில் வரும். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, நீண்ட காலம் கேஷில் (பிரவுசரின் சேமிப்பில்) இருக்கும்படி அனுப்புங்கள். தரவு மாறினால் எண்ணை மாற்றினால் போதும்.

சரக்குப் பட்டியல் போல நாள்தோறும் மாறுவதற்கும், லட்சக்கணக்கில் போவதற்கும் சர்வர் தேடல்தான் சரி. தட்டுவது நின்று 250 முதல் 300 மில்லிவினாடி கழித்துக் கோரிக்கை அனுப்புங்கள். ஒரு பதிலில் 20 வரி போதும். "மேலும் உள்ளன, இன்னும் சில எழுத்துகளைத் தட்டுங்கள்" என்று கடைசியில் சொல்லிவிடுங்கள்.

டேட்டாபேஸில் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 16,000 வரி கொண்ட அட்டவணையை இண்டெக்ஸ் இல்லாமல் முழுதாகப் படித்தாலும் டேட்டாபேஸுக்கு அது பெரிய வேலையல்ல, அதற்காக இரவு முழுதும் உட்கார வேண்டாம். லட்சங்களில்தான் கவலை தொடங்குகிறது. சொல்லின் தொடக்கத்தைத் தேடும் லைக் கேள்விக்குச் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவும், நடுவில் தேடுவதற்கு உதவாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் தொடக்கத் தேடலுக்குக்கூட, டேட்டாபேஸின் வரிசை முறை "சி" அல்லாதபோது, டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் என்ற வகையில் இண்டெக்ஸைக் கட்டியிருக்க வேண்டும். இண்டெக்ஸ் போட்டும் வேகம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

தமிழில் தேடல்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ஆங்கிலப் பட்டியலுக்கு எழுதிய நூலகத்தை அப்படியே தமிழுக்கு வைத்தால் பெயர் கண்ணெதிரே இருந்தும் "கிடைக்கவில்லை" என்று வரும். காரணங்கள் பல.

ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். "கொடைக்கானல்" என்பதில் உள்ள "கொ"வை, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரு பக்கமும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து இயல்பாக்கிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு போதும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் "ள" என்ற எழுத்தும் போட்டுத் தட்டும் பழக்கத்தை அது சரிசெய்யாது. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியைக் கௌந்தப்பாடி என்றும் எழுதுகிறார்கள், பிழையாகக் கெளந்தப்பாடி என்றும் தட்டுகிறார்கள். மூன்றும் ஒரே ஊரைக் காட்ட வேண்டும். இவற்றை ஒன்றாக்கும் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் "மதுரை" என்று தட்டும்போது வழியில் "மதுர்" என்ற வடிவம் வந்து போகும். அந்தக் கணத்தில் தேடினால் "மதுர்" என்று தொடங்கும் ஊர் எதுவும் இருக்காது. பட்டியல் காலியாகி மீண்டும் தோன்றும். நிரப்புகிறவர் தான் ஏதோ தவறாகத் தட்டிவிட்டதாக நினைத்து அழிப்பார். தேடும் சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். ஒரு வரி நிரல்தான், ஆனால் தமிழ்த் தேடல் பெட்டிகளில் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

"மூன்று எழுத்து தட்டியபின் தேடு" என்ற வழக்கமான விதியும் இங்கே பொருளிழக்கிறது. "திரு" என்பது நமக்கு இரண்டு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு நீளம் 4. அதைத் தட்டியும் சுருங்குகிறதா என்றால் இல்லை: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர் என்று மாவட்டங்களிலேயே ஏழு. ஆகவே பெயரின் நடுப்பகுதியையும் பொருத்திப் பாருங்கள். "நெல்வேலி" என்று தட்டினாலும் கிடைக்க வேண்டும். வரிசைப்படுத்தும்போது முழுப் பொருத்தம் முதலில், தொடக்கப் பொருத்தம் அடுத்து, நடுப் பொருத்தம் கடைசியில்.

வழக்குப் பெயர்களுக்கென்று ஒரு தனிப் பத்தி (நெடுவரிசை) டேட்டாபேஸில் வேண்டும். கோவை, நெல்லை, தஞ்சை, நாகை, குமரி, திருச்சி, உதகை, குடந்தை என்றுதான் மக்கள் சொல்வார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காகப் பழைய, புதிய எழுத்துக்கூட்டல் இரண்டும் அதே பத்தியில் இருக்கட்டும். பத்துப் பெயர் விட்டுப்போனால் பத்து ஊர்க்காரர்கள் அழைத்துச் சொல்வார்கள்; சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது தமிழ்நாட்டில் சர்வசாதாரணம். புதூரும் நல்லூரும் எத்தனை! திருப்பத்தூர் என்றால் தனி மாவட்டமாகவும் இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே வட்டத்தையும் மாவட்டத்தையும் சிறிய எழுத்தில் காட்டுங்கள்.

வரிசை முறையிலும் ஒரு பொறி. குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் யூனிகோடில் "ன" என்பது "ந"வை அடுத்து, "ப"வுக்கு முன்னால் நிற்கிறது. "ற"வோ "ர"வை அடுத்து வந்துவிடுகிறது. "ள", "ழ" இரண்டும் "வ"வுக்கு முன்னால். புள்ளி வைத்த எழுத்துகள் உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். பள்ளியில் படித்த அகர வரிசையை எதிர்பார்ப்பவர் குழம்புவார். ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் கொலேட்டரைத் தமிழ் மொழிக் குறியோடு அழைத்தால் சரியான வரிசை வரும்.

பெட்டியைக் கட்டும்போது

டாம் செலக்ட், சாய்ஸஸ் போன்ற ஆயத்த நூலகங்களை எடுத்தாலும், நீங்களே எழுதினாலும், கீழே சொல்பவை நடக்கின்றனவா என்று பாருங்கள்.

எது என்ன வேலை செய்கிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்ல, எழுத்துப் பெட்டிக்கு காம்போபாக்ஸ் என்ற ரோல், பட்டியலுக்கு லிஸ்ட்பாக்ஸ், ஒவ்வொரு வரிக்கும் ஆப்ஷன். பட்டியல் திறந்திருக்கிறதா என்பதை ஆரியா-எக்ஸ்பேண்டட் சொல்ல வேண்டும். எந்த வரி இப்போது குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆரியா-ஆக்டிவ்டிசென்டன்ட். கர்சர் எப்போதும் எழுத்துப் பெட்டியிலேயே இருக்கும். மேல் கீழ் அம்புகள் நகர்த்த, என்டர் தேர்ந்தெடுக்க, எஸ்கேப் மூட. "7 ஊர்கள் உள்ளன" என்று திரைவாசிப்பான் படிக்கும்படி ஓர் அறிவிப்புப் பகுதியும் வேண்டும். பார்வையற்றவர் ஒருவருக்கு இந்த அறிவிப்பு இல்லையென்றால், தட்டியதற்கு ஏதேனும் வந்ததா இல்லையா என்று தெரிய வேறு வழியே கிடையாது.

ஒரு வரியைச் சுட்டியால் தொட்டதும் பட்டியல் மறைந்து, தேர்வு மட்டும் நடக்காமல் போவது எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கும் பிழை. சுட்டியை அழுத்திய கணமே எழுத்துப் பெட்டி கவனத்தை இழக்கிறது. கவனம் போனால் பட்டியலை மூடு என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். கிளிக் வந்து சேரும்போது வரி அங்கே இல்லை. பட்டியலின் மவுஸ்டவுன் நிகழ்வில் இயல்புச் செயலைத் தடுத்துவிட்டால் தீர்ந்தது.

விசைப்பலகைக் கருவி எழுத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போது வரும் என்டரைத் தேர்வாக எடுக்காதீர்கள்; நிகழ்வின் இஸ்-கம்போஸிங் மதிப்பைப் பாருங்கள். அதே சமயம், எழுத்துக் கோத்து முடியும் வரை தேடவே கூடாது என்றும் எழுதிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டின் ஜிபோர்ட் விசைப்பலகை முழுச் சொல்லையும் கோத்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே வைத்திருப்பதால், அப்படி எழுதினால் இடைவெளி தட்டும் வரை தேடல் தொடங்காது. தேடலுக்கு இன்புட் நிகழ்வு, என்டருக்கு மட்டும் இந்தச் சோதனை.

காட்டும் பெயரும் சேமிக்கும் குறியீடும் தனித்தனி. குறியீடு திரையில் தெரியாத ஒரு மறைபுலத்தில் இருக்கும். திருப்பத்தூரைத் தேர்ந்தவர் பிறகு எழுத்தை அழித்துத் "திருப்பூர்" என்று தட்டி, பட்டியலில் தொடாமல் நகர்ந்துவிட்டால்? திரையில் திருப்பூர், மறைபுலத்தில் திருப்பத்தூரின் எண். யாரும் கண்டுபிடிக்க முடியாத தவறான பதிவு இப்படித்தான் உருவாகிறது. எழுத்து மாறிய உடனே மறைபுலத்தைக் காலி செய்யுங்கள். பெட்டியை விட்டு நகரும்போது தட்டியது ஒரே ஒரு பெயரோடு பொருந்தினால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் பிழை காட்டுங்கள், தட்டியதைச் சொல்லாமல் அழிக்காதீர்கள்.

கைபேசிக்கு இரண்டு அளவுகள். எழுத்துப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்ஸலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். ஒவ்வொரு வரியும் 44 முதல் 48 பிக்ஸல் உயரம் இருந்தால் விரலுக்கு வசதி. விசைப்பலகை பாதித் திரையை எடுத்துக்கொள்ளும் என்பதால் பட்டியலுக்கு நாலைந்து வரிதான் இடம். பெட்டியைத் திரையின் மேல்பக்கம் நகர்த்திக்கொள்வது உதவும்.

ஊர் பட்டியலில் இல்லாதவருக்கும் ஒரு வழி வேண்டும். "என் ஊர் இதில் இல்லை" என்ற வரியைக் கடைசியில் வைத்து, தொட்டால் சாதாரண எழுத்துப் பெட்டி திறக்கட்டும். அங்கே எழுதப்படுபவைதான் உங்கள் வழக்குப் பெயர்ப் பத்தியில் அடுத்து சேர வேண்டியவை.

பெயரைச் சேமிக்காதீர்கள், எண்ணைச் சேமியுங்கள்

2019-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த ஒரு வருடத்தில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன, 2020-இல் மயிலாடுதுறை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் ஆணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரை அப்படியே பதிவில் எழுதிவைத்த மென்பொருள்களுக்கு ஒவ்வொரு மாற்றமும் ஓர் அறுவைச் சிகிச்சை. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் கிராமத்துக்கும் எண் கொடுத்திருக்கிறது, தமிழ்நாட்டுக்கு 33. உங்களுக்கென்று புது எண் கண்டுபிடிக்காமல் அதையே பயன்படுத்தினால் பிற அரசுத் தரவுகளோடு இணைப்பதும் எளிது. பிரிந்துபோன மாவட்டத்தின் பழைய பதிவை அழிக்க வேண்டாம்: இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். புதிய படிவத்தில் வராது, பழைய விண்ணப்பத்தைத் திறந்தால் சரியாகக் காட்டும்.

வந்து சேரும் எண்ணைச் சர்வர் மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்தக் கிராமம் உண்மையில் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறதா? பிரவுசரிலிருந்து வருவதை யாரும் மாற்றி அனுப்பலாம்.

நிர்வாகப் பக்கத்தையும் மறக்காதீர்கள்

பொதுமக்கள் படிவத்தைச் சரிசெய்துவிட்டு, ஊழியர்கள் நாள் முழுதும் உட்காரும் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். பைதானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் அட்மினில் (நிர்வாகப் பக்கத்தில்) வெளி அட்டவணையைச் சுட்டும் புலம் எதுவானாலும் எல்லா வரிகளையும் கொண்ட செலக்டாகவே வரும். ஆப்ஷனின் பெயரில் வட்டத்தின் பெயரையும் சேர்த்துக் காட்டினால் ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் தனிக் கேள்வி டேட்டாபேஸுக்குப் போகும். ஒரு பக்கம் திறக்க 16,000 கேள்விகள். ஜாங்கோ 2.0 முதல் ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் புலத்தின் பெயரைச் சேர்த்து, கிராம மாடலின் அட்மினில் சர்ச் ஃபீல்ட்ஸ் கொடுத்தால் தேடல் பெட்டியாக மாறிவிடும். சர்ச் ஃபீல்ட்ஸ் கொடுக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். எண் தெரிந்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் பக்கத்துக்கு ரா ஐடி ஃபீல்ட்ஸ் இன்னும் எளிது.

வெளியிடும் முன்

முழுத் தரவையும் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள், நூறு வரியை வைத்து அல்ல. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைய வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து ஒருமுறை. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. தமிழ்99 விசைப்பலகையிலும், ஒலிபெயர்ப்பிலும், ஆங்கிலத்திலும் அதே ஊரைத் தேடிப் பாருங்கள். நிரப்பிப் பாதியில் அடுத்த பக்கம் போய், பிரவுசரின் பின் பொத்தானை அழுத்தித் திரும்பி வந்து, மூன்று அடுக்கும் நின்ற இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஏறாமல் போனால் என்ன தெரிகிறது என்பதையும்: வெறும் எழுத்துப் பெட்டியாவது இருந்து, தட்டிய பெயர் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிறகு, இந்தப் படிவத்தை எழுதாத ஒருவரிடம் அவருடைய கைபேசியைக் கொடுத்தே சொந்த ஊரை நிரப்பச் சொல்லுங்கள். உதவி செய்யாமல் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.